ஹென்றி பிரான்ஸிஸ் பிளான்போர்டு

சென்னையினின்று திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலை பெரம்பலூர் மாவட்டத்தினுள் நுழைந்த பின்னர், மக்காச்சோளக் கொல்லைகளும் பருத்திக் காடுகளும் சின்ன வெங்காயப் பாத்திகளும் இருமருங்கிலும் மாறி மாறித் தோன்றும். அவற்றினிடையே எஞ்சினீயரிங் கல்லூரிகளின் மாடங்கள் தலைநீட்டும். கிழக்கே அரியலூர்ப் பக்கம் திரும்பினாலோ, சிமெண்டு ஆலைகளின் புகைபோக்கிகள் வானளாவி நிற்கும். முன்னாளில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் வடகிழக்குப் பகுதியாய் இருந்த இந்நிலப்பரப்பில், பெரம்பலூர் 1995-ஆம் ஆண்டிலும், அரியலூர் நிலையாக 2007-ஆம் ஆண்டிலும் தனி மாவட்டங்களாயின. தமிழ் பயிலும் எம்மனோர்க்கு இந்நாடு புதிதன்று. இராசேந்திர சோழன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரம் இங்கேதான் உளது. இத்தாலி தேயத்தினின்று வந்து, ஒருவரும் கட்டளையிடாமலே தமிழின் ஆழங்கண்டு, சதுரகராதி தந்த வீரமாமுனிவர் தங்கித் தொண்டாற்றிய ஏலாக்குறிச்சியும் இங்கேதான் உளது. அம்முனிவரை நாம் அறிவோம். மாணவர் சங்கத்தில் ஆண்டுதோறும் அவரைப் பற்றிச் சொற்பொழிவுகளும் நிகழ்கின்றன.

ஆயின் அவருக்கு ஒரு நூற்றாண்டு பிந்தி இதே மண்ணில் நடந்து திரிந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் பெயர்களை உலகத்து நிலநூலார் நாவிலெல்லாம் வழங்கச் செய்த மற்றோர் அயல்நாட்டாரைப் பற்றி நம்மவர் பேசக் கேட்பது அரிது. இந்திய வானிலை ஆராய்ச்சி இலாகாவின் முதற்றலைவர் என்று அவரைச் சிலர் அறிவர். அவர் ஒரு தொழிற்கல்லூரி மாணவராய்த் தொடங்கியவர் என்பதும், தமக்குப் பெயர் தந்த காரியங்களுள் பெரும்பாலானவற்றைத் தம் ஆசிரியர்பாற் கல்லாது தாமே தேடிக் கற்றவர் என்பதும் அவர் வரலாற்றில் எம்மைக் கவர்ந்த பகுதிகளாம். இக்கட்டுரை அவற்றை மட்டுமே விரித்துரைக்கும். ஏனையவற்றைச் சுருக்கிச் சொல்லும்.

ஹென்றி பிரான்ஸிஸ் பிளான்போர்டு 1834-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3-ஆம் தேதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் தொழிற்சாலை நடத்தி வந்தவர். வில்லியம் தாமஸ் என்ற தமையனார் இவருக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு மூத்தவர். 1851-ஆம் ஆண்டில் இலண்டனில் அரசாங்கத்தார் சுரங்கக் கல்லூரி ஒன்றைத் திறந்தனர். நிலக்கரியையும் உலோகத்தையும் அகழ்ந்தெடுக்க வல்ல ஆட்களைப் பயிற்றுவித்தலே அதன் நோக்கம். இன்றைய எஞ்சினீயரிங் கல்லூரிகளுக்கு அஃது உடன்பிறப்பு என்று கூறலாம். அங்கே பயின்றவர்க்கு வேலைதான் குறிக்கோள். ஹென்றி அதன் முதல் மாணவர் கூட்டத்துள் ஒருவர். இத்தாலியில் வாணிகஞ் செய்து மீண்ட தமையனார், தம்பி அங்கே பயில்வதைக் கண்டு தாமும் 1852-இற் சேர்ந்தார். தமையன் வழியில் தம்பி செல்வது உலக வழக்கு. இக்குடும்பத்தில் தம்பியின் வழியில் தமையன் சென்றார்.

அக்கல்லூரியில் எட்வர்டு போர்ப்ஸ் என்பார் உயிர்நூல் கற்பித்தார். தென்னிந்தியாவில் கே, கன்லிப் என்ற இருவர் திரட்டி இலண்டனுக்கு அனுப்பிய கற்சங்குகளையும் கற்கிளிஞ்சல்களையும் ஆராய்ந்து, 1846-ஆம் ஆண்டில் விரிவாக எழுதி வெளியிட்டவர் அவரே. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி ஆகிய பக்கங்களில் அகப்பட்ட பொருள்கள் அவை. அந்நிலத்தை ஆசிரியர் கண்ணாற் கண்டாரல்லர். பெட்டியில் வந்த கற்களையே கண்டார். 1854-ஆம் ஆண்டு நவம்பரில், நாற்பது வயது நிரம்புமுன்னரே, அவர் காலமாயினார். மாணவரோ அக்கற்கள் பிறந்த மண்ணையே மிதிக்க நேர்ந்தது.

ஜெர்மனியில் பிரைபெர்க் என்னும் நகரத்துச் சுரங்கக் கல்லூரியில் மேலும் சிறிது காலம் பயின்றபின், 1855-ஆம் ஆண்டில் சகோதரர் இருவரும் இந்தியாவின் ஜியாலாஜிகல் சர்வே இலாகாவில் வேலை பெற்றுக் கல்கத்தா வந்து சேர்ந்தனர். இலாகாவின் தலைவர் தாமஸ் ஓல்டாம். முதல் வேலை ஒரிஸாவிலுள்ள தால்சேர் நிலக்கரி வயலை அளத்தல். கரி எங்கே உளது, எவ்வளவு உளது என்பதே கேள்வி. அதற்கு விடை எழுதி அனுப்பிவிட்டு இளைப்பாறியிருக்கலாம். ஆனால் கரிப்படுகைக்குக் கீழே, மிக நுண்ணிய சேற்றுப் பாறையினுள் மிகப் பெரிய உருண்டைக் கற்கள் புதைந்து கிடந்தது அவர்கள் கண்ணை உறுத்தியது. சிறு துகளைச் சுமக்கும் மெல்லிய நீரோட்டம் பாறாங்கல்லைச் சுமக்காது. பாறாங்கல்லைப் புரட்டும் வெள்ளம் துகளைத் தங்கவிடாது. இரண்டையும் ஓரிடத்திற் கொணர்ந்தது யாது? பனிக்கட்டியே என்று அவ்விளைஞர் துணிந்து எழுதினர். வெயில் கொளுத்தும் ஒரிஸாவிற் பனிக்கட்டியா என்று நகைத்தற்கு இடமான கூற்று. பின்னர் வந்த ஆராய்ச்சி அதனை நிலைநாட்டியது. தென்கண்டங்களெல்லாம் ஒரு காலத்தில் ஒன்றாயிருந்து பனியால் மூடப்பட்டிருந்தன என்ற பெருங்கொள்கைக்கு அக்கற்குவியல் சான்றுகளுள் ஒன்றாயிற்று. அப்பொழுது ஹென்றிக்கு வயது இருபத்திரண்டு. இக்காலத்து எஞ்சினீயரிங் மாணவர் பட்டம் பெற்று வெளிவரும் வயது அதுவே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1857-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் பிளான்போர்டு திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலும் தென்னார்க்காட்டிலும் ஆய்வு செய்தார். அரியலூர் வழியே இருப்புப்பாதை வருதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட காலம் அது. கூடாரமும் மாட்டு வண்டியுமே துணை. வடநாட்டிலே சிப்பாய்க் கலகம் மூண்டு எரிந்த ஆண்டில், இங்கே ஓர் இளைஞர் சுத்தியலும் பையுமாய் ஓடைகளைத் தேடி நடந்தார். ஓடை ஏன் எனின், இந்நாட்டில் மேற்பரப்பைக் கரிசல் மூடியிருக்கிறது. உள்ளிருக்கும் அடுக்குகளை நீர் அறுத்த இடத்தில்தான் காணலாகும்.

அவர் கண்டது இதுதான். மேற்கே பழமையான கரும்பாறை. அதன்மேல் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்து, ஒன்றன்மேலொன்றாய்க் கடல் படிவித்த அடுக்குகள். ஆதலின் மேற்கிலே தொடங்கிக் கிழக்கே நடப்பவன் காலத்தினூடே நடக்கின்றான். ஒவ்வொரு காவதமும் பல இலட்சம் ஆண்டு. மேற்கோரத்தில் அடியிலுள்ள அடுக்குகளுக்கு ஊட்டத்தூர்த் தொகுதி என்றும், நடுவிலுள்ளவற்றிற்குத் திருச்சிராப்பள்ளித் தொகுதி என்றும், கிழக்கே மேலுள்ளவற்றிற்கு அரியலூர்த் தொகுதி என்றும் அவர் பெயரிட்டார். இவ்வடுக்குகள் கிரிட்டேஷஸ் காலத்தவை. இன்றைய கணக்கின்படி ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கி 6½ கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வரை, கடல் இங்கே பன்முறை ஏறியும் இறங்கியும் இருந்தது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரையை அடுத்த செந்நிற மேடுபள்ளங்களில், ஜிப்ஸம் மின்னும் களிமண்ணினுள்ளே, விரல்போல நீண்டு கூர்த்த பெலம்நைட்டுக் கற்கள் கிடக்கின்றன. கணவாய் மீனுக்கு உறவான பிராணியின் உள்ளெலும்பு அது. கருடமங்கலத்தருகே சங்கும் கிளிஞ்சலும் நெருங்கி இறுகிய கல் உண்டு. அதனை இழைத்து மெருகிட்டால் பூவேலை செய்ததுபோலத் தோன்றும். திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல் என்று அதற்குப் பெயர். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கைப்பிடியளவு பெருத்த சிப்பிகள் அடையடையாய் அடுக்கப்பட்டுள்ளன.

இக்களப்பணியின் பயனாக அவர் எழுதிய அறிக்கை இலாகாவின் நினைவேட்டில் நான்காந் தொகுதியாக வெளிவந்தது. அதில் எம்மை மிகவும் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. இலாகா அவரிடம் வேண்டியது அடுக்குகளின் படம். எவ்வடுக்கு எதன்மேல் உளது என்று வரைந்து கொடுப்பதோடு அவர் கடமை முடிந்தது. ஆனால் ஓரடுக்கை மற்றோரடுக்கினின்று பிரித்தறிய உள்ளிருக்கும் உயிர்ச்சின்னங்களே வழி என்று கண்டமையால், பெலம்நைட்டுகளையும் நாட்டிலஸ் என்னும் சுருட்சங்கு இனத்தையும் தாமே வகைப்படுத்தி ஆராய முற்பட்டார். சுரங்கத்தொழில் கற்றவர் சங்கு நூல் கற்கத் தொடங்கினார்! 1861-ஆம் ஆண்டு தொடங்கி வெளியான தென்னிந்தியக் கிரிட்டேஷஸ் உயிர்ச்சின்னங்களின் பெருநூல் வரிசையில் முதற்பகுதி அவர் எழுதியது. எஞ்சியவற்றைப் பின்வந்த பெர்டினண்டு ஸ்டோலிஸ்கா என்ற மொராவிய நாட்டு அறிஞர் எழுதி முடித்தார். அவர் 1874-இல் யார்க்கந்துப் பயணத்தினின்று மீளும்போது லடாக்கு மலைவழியில் உயிர்நீத்தார்.

இடையில் ஒரு சொல். பிளான்போர்டு இங்கே ஓடைகளில் நடந்துகொண்டிருந்த 1859-ஆம் ஆண்டில்தான் டார்வினுடைய நூல் இலண்டனில் வெளிவந்தது. கற்கள் பேசத் தொடங்கினால் விசுவாசம் ஆட்டங்காணும் என்று அக்காலத்துப் பக்தர் பலர் அஞ்சினர். சிருஷ்டிகர்த்தரின் கைவேலையை உற்று நோக்குதல் அவரை அவமதிப்பதாகும் என்று யாம் எக்காலும் கருதியதில்லை. நோக்காது விடுதலே அவமதிப்பு என்பது எம் எண்ணம். இது குறித்து நம் கல்லூரியிலேயே கருத்து வேறுபாடு உண்டென்பதையும் யாம் அறிவோம்.

இப்பொழுது அதே நிலத்தின்மேல் எழுந்துள்ள எஞ்சினீயரிங் கல்லூரிகளைச் சிறிது நோக்குவோம். அங்கே சிவில் பயில்வோர் சிமெண்டைப் பற்றிப் படிக்கின்றனர். அச்சிமெண்டு எக்கல்லினின்று வருகின்றதோ அக்கல் சில கல் தொலைவில் வெட்டப்படுகின்றது. மெக்கானிகல் பயில்வோர் பாறை நொறுக்கும் இயந்திரத்தின் படத்தை ஏட்டில் வரைகின்றனர். அவ்வியந்திரத்தின் ஓசை காற்று வீசும் பக்கம் நோக்கிக் காதிலும் விழும். ஆயினும் போய்ப் பார்த்தவர் சிலரே. அம்மாணவர்களுள் எம் பள்ளித்தோழரும் உறவினரும் உளர். விடுமுறையில் கூடும்போது அவர்கள் கூறக் கேட்டவற்றையே இங்கே எழுதுகின்றோம். பல்கலைக்கழகத்தின் பழைய வினாத்தாள்கள் ஐந்தாண்டுக்குரியவற்றைத் தொகுத்து, இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இரண்டு வரி, பதின்மூன்று மதிப்பெண் வினாவுக்கு நான்கு பக்கம் என அளந்து மனனஞ் செய்தலே படிப்பாயிற்று. பாடத்திட்டத்தில் இல்லாததைக் கேட்டால், இது தேர்வுக்கு வருமா என்ற மறுவினாவே விடையாக வரும். இறுதியாண்டிற் செய்ய வேண்டிய செய்முறைத் திட்டத்தை நகரத்துக் கடைகளிற் பணங்கொடுத்து ஆயத்தமாக வாங்குவோரும் உளர். கருவியும் கிடைக்கும், அறிக்கையும் கிடைக்கும், தேர்வாளர் கேட்கக்கூடிய வினாக்களுக்கு விடையும் கிடைக்கும். அண்மை ஆண்டுகளில், வினவிய மாத்திரத்தே கட்டுரையும் கணக்கும் எழுதித் தரும் கணினிக் கருவிகளும் வந்துவிட்டமையால், கடைக்குச் செல்லும் நடையும் மிச்சமாயிற்று. இத்துறைக்கு மட்டும் உரிய நோயன்று இது. தமிழ் வகுப்புக்களிலும் மூலத்தைத் தொடாது உரைச் சுருக்கத்தையே ஓதுவோரைக் காணலாம். ஆயினும் பாலமும் அணையும் கட்டப் போகின்றவரிடம் இந்நோய் காணப்படின் கேடு பெரிது. செய்யுளைத் தவறாக உரைப்பதனால் ஒருவர் தலைமேலும் கூரை விழாது.

குற்றத்தை மாணவர் தலையிலேயே சுமத்துதல் நேர்மையன்று. சிறுவயதில் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்து அடிவாங்காத எஞ்சினீயரிங் மாணவர் எவரேனும் உளரோ? ஆவல் இல்லாமற் பிறந்தவர் ஒருவருமிலர். காலை எட்டு மணிக்குக் கல்லூரிப் பேருந்து. மாலை ஐந்து மணிக்கு மீளும் பேருந்து. வருகைப் பதிவு குறைந்தால் அபராதம். மூன்றாமாண்டிலேயே வேலைக்கு ஆளெடுப்போருக்காக ஆயத்தப் பயிற்சி. வீட்டிலோ மானாவாரிப் பருத்தியை நம்பிய தந்தையார் வங்கியிற் கல்விக்கடன் வாங்கியிருக்கிறார். இந்நிலையில் ஓடையில் இறங்கிக் கல் பொறுக்கும் பிள்ளையைப் பெற்றோர் புகழ்வார்களா? பிளான்போர்டுக்கு அரசாங்கச் சம்பளம் இருந்தது. ஆளுங் குலத்தவர் என்ற செருக்கும் வசதியும் இருந்தன. சுமைதூக்க ஆளும் இருந்தனர். அவர் செய்ததைப் பெரம்பலூர் மாணவர் அப்படியே செய்யவில்லையே என்று குறைகூறுவது பேதைமை. யாம் வருந்துவது மற்றொன்று. அவருக்கும் அதே சம்பளத்தை வாங்கிக்கொண்டு படம் மட்டும் வரைந்து கொடுத்திருக்க வழியிருந்தது. அந்த எஞ்சிய ஒரு மணி நேரம், எவரும் மதிப்பெண் இடாத அந்த ஒரு மணி நேரம், அவர்க்கிருந்தது போலவே இவர்களுக்கும் விடுதியில் இருக்கத்தான் செய்கிறது.

அந்நேரம் வீணாயினமையால் விளையும் இழப்பு சிறிதன்று. 2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் தோண்டியபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் அகப்பட்டன என்ற செய்தி கைத்தொலைபேசிகளின் வழியே நாடெங்கும் பறந்தது. காண மக்கள் திரண்டனர். நிலநூல் வல்லார் வந்து நோக்கி, அவை முட்டைகள் அல்ல, அம்மொனைட்டு என்னும் சங்குயிரைச் சுற்றி இறுகிய கடற்படிவங்கள் என்று தெளிவித்தனர். அம்மொனைட்டுகள் இந்நாட்டில் ஏராளம் என்று அச்சில் வந்து நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகியிருந்தது. செய்தியைப் பரப்பியவருள் படித்த இளைஞர் எத்தனையோ பேர். கல்லைக் கையிலெடுத்துப் பார்த்துச் சொன்னவர் மிகச் சிலர்.

நம்மவருள் அத்தகையோர் பிறந்ததேயில்லை என்று கொள்ளற்க. தஞ்சை ஜில்லாவிற் பிறந்த எம். எஸ். கிருஷ்ணன் என்பார் இதே இலாகாவிற் சேர்ந்து, 1940-ஆம் ஆண்டில் சாத்தனூர் ஓடையருகே பதினெட்டு மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாய்க் கிடப்பதை உலகிற்கு அறிவித்தார். கல்மரம் என்று ஊரார் அழைக்கும் அது, இப்பொழுது வேலியிட்டுக் காக்கப்படுகின்றது. அவரே 1951-இல் அவ்விலாகாவின் முதல் இந்தியத் தலைவருமானார். பிளான்போர்டின் அடிச்சுவட்டில் நடந்த தமிழர் இவர். இவருக்குப் பின் அவ்வோடைகளைத் தேடி வருவோர் பெரும்பாலும் வெளியூர்ப் பல்கலைக்கழகத்தார்.

வரலாற்றைத் தொடர்வோம். வெயிலிலும் காய்ச்சலிலும் அலைந்த வாழ்க்கை பிளான்போர்டின் உடலைக் குலைத்தது. 1862-ஆம் ஆண்டில் சர்வே இலாகாவை விட்டு நீங்கிக் கல்கத்தா ராஜதானிக் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராக அமர்ந்தார். வயது இருபத்தெட்டு. இனி அமைதியாகப் பாடஞ் சொல்லிக் காலங் கழிப்பார் என்று எவரும் நினைத்திருப்பர். ஆனால் 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி கல்கத்தாவைப் பெரும்புயல் ஒன்று தாக்கியது. ஹூக்ளி நதியில் கடல் மதிலென ஏறிவந்தது. ஏறக்குறைய 50,000 பேர் மாண்டனர். துறைமுகத்திலிருந்த கப்பல்கள் நங்கூரமறுந்து கரையில் ஏறின. புயல் ஓய்ந்தபின் யாவரும் இழப்பைக் கணக்கிட்டனர். பிளான்போர்டோ, காஸ்ட்ரெல் என்ற இராணுவ அதிகாரியுடன் சேர்ந்து, புயல் எங்கே பிறந்தது, எவ்வழி வந்தது என்று தேடத் தொடங்கினார். கப்பற்றலைவர்கள் மணிதோறும் எழுதிவைத்த குறிப்பேடுகளைத் திரட்டி, காற்று எத்திசையில் வீசியது, பாரமானி எவ்வளவு இறங்கியது என்பவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வங்கக் கடலிற் புயல் நகர்ந்த வழியைப் படமாக வரைந்தனர். அவ்வறிக்கை 1866-இல் வெளியாயிற்று.

காற்றைப் பற்றி அவருக்குக் கற்பித்தவர் எவர்? சுரங்கக் கல்லூரிப் பாடத்தில் புயல் இல்லை. அடுக்கடுக்கான பாறையைப் படித்த கண்ணே அடுக்கடுக்கான குறிப்பேடுகளையும் படித்தது என்று யாம் கொள்கின்றோம். ஒன்றைத் தானே கற்றவன், கற்கும் வழியையும் உடன் கற்றுவிடுகின்றான் போலும்.

1867-இல் வங்காள மாகாணத்து வானிலை அறிக்கையாளர் பதவியும், 1875-இல் இந்தியா முழுமைக்கும் அப்பதவியும் அவரை அடைந்தன. அதற்குமுன் ஒவ்வொரு மாகாணமும் தன் விருப்பம்போல் மழையையும் வெப்பத்தையும் அளந்து வந்தது. ஓரூர்ப் பாரமானி மற்றோரூர்ப் பாரமானியோடு ஒத்துப் பேசாது. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொணர்ந்து, நாடெங்கும் அளவையாளரைப் பயிற்றுவித்து, அவர்களுக்கென 1877-இல் கைந்நூல் ஒன்றும் எழுதினார். இந்தியப் பள்ளிகளுக்கென்றே இயற்கைப் பூகோள நூலொன்றும் இயற்றினார். தேம்ஸ் நதியை வைத்துக் கங்கைக்கரைச் சிறுவருக்குப் பாடஞ் சொல்வது அவருக்கு ஒவ்வாதாயிற்று.

பதவியேற்ற மறு ஆண்டே தாது வருஷம். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் காலத்திலிருந்து வழங்கிவரும் 1876-78-ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது, இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அக்கொடுமையில் ஆட்சியாளர் தானியக் கொள்கைக்கும் பெரும்பங்கு உண்டென்பதை மறைத்தல் கூடாது. வானத்தின் மீது மட்டும் பழிபோடுவது அவர்களுக்கு வசதியாயிருந்தது. ஆயினும் மழை ஏன் பொய்த்தது, முன்கூட்டி அறியலாகுமா என்ற வினா எழுந்தே தீர வேண்டியதாயிற்று. பிளான்போர்டு தம்மிடமிருந்த அளவைகளைப் புரட்டினார். இமயமலையில் பனி மிகுதியாகப் பெய்து கோடைதொட்டும் தங்கிய ஆண்டுகளில், வடநாட்டில் உலர்ந்த மேல்காற்று வீசித் தென்மேற்குப் பருவமழை குன்றுவதைக் கண்டார். 1884-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் இக்கொள்கையை வெளியிட்டார். 1882 முதல் 1885 வரை சோதனையாக முன்னறிவித்துப் பார்த்து, அவை பெரும்பாலும் பலித்தமை கண்டு, 1886-ஆம் ஆண்டு முதல் பருவமழையைப் பற்றி ஆண்டுதோறும் முன்னறிவிப்பு வெளியிடும் வழக்கத்தை ஏற்படுத்தினார். ஒரு பருவம் முழுவதற்கும் மழையை முன்னறிவித்தல் என்ற துணிவான செயல் உலகில் அதற்கு முன் முறையாக நடந்ததில்லை.

அம்முன்னறிவிப்புகள் எப்போதும் பலித்தன என்று எழுதினால் பொய்யாகும். அவருக்குப்பின் ஜான் எலியட்டு அப்பதவியில் இருந்தபோது, 1899-ஆம் ஆண்டு நல்ல மழை பெய்யும் என்று கூறப்பட்டது. நேர்ந்ததோ கடும் பஞ்சம். பனி ஒன்றே காரணமன்று என்பது அப்போது புலனாயிற்று. பின்வந்த கில்பர்ட்டு வாக்கர் என்ற கணித வல்லுநர் உலகத்தின் பல பாகங்களிலுள்ள அழுத்தங்களை ஒப்பிட்டுப் புதிய வழி கண்டார். ஆனால் அவ்வாராய்ச்சிக்கு வேண்டிய அளவைகள் ஒரே சீராக ஏட்டில் கிடைத்தமைக்குப் பிளான்போர்டின் உழைப்பே அடிப்படை. அன்றியும் இமயப் பனிக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பு இன்றும் ஆராயப்பட்டே வருகின்றது. முற்றும் தள்ளப்பட்டதுமில்லை, முற்றும் ஏற்கப்பட்டதுமில்லை.

1880-இல் ராயல் சங்கத்து அங்கத்தினரானார். 1888-இல் பதவியினின்று ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் தட்பவெப்பத்தைப் பொதுமக்களும் கப்பலோட்டிகளும் அறிந்துகொள்ளும்படி ஒரு நூலெழுதி 1889-இல் வெளியிட்டார். தமையனார் வில்லியமோ விலங்கு நூலில் ஈடுபட்டு, இந்தியாவின் பாலூட்டிகளைப் பற்றிய பெருநூலை எழுதிப் புகழ் பெற்றார். சுரங்கம் பயின்ற இருவரும் சுரங்கம் தோண்டி வாழவில்லை. ஹென்றி பிளான்போர்டு 1893-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் தேதி, போக்ஸ்டன் என்ற கடற்கரை நகரில், தமது ஐம்பத்தெட்டாம் வயதில் காலமானார்.

அவர் இட்ட மூன்று பெயர்களும் மாறவில்லை. அரியலூர்த் தொகுதியின் மேலடுக்கைப் பின்வந்தோர் பிரித்து நின்னியூர் என்று வேறு பெயரிட்டதொன்றே திருத்தம். மாறிக்கொண்டிருப்பது நிலம். கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் நாள்தோறும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டு, லாரிகளில் ஏறிச் சூளைக்குச் செல்கின்றது. அதனுடன் சிப்பிகளும் வெந்து சிமெண்டாகின்றன. அதனைத் தகர்க்கும் கணக்கும், சூளையின் வெப்பக் கணக்கும் எஞ்சினீயரிங் படித்தவர் கையில்தான் இருக்கின்றன. எதனைக் காத்து எதனைச் சுடலாம் என்று ஆலைக்குள்ளிருந்து சொல்லக்கூடியவரும் அவர்களே. அரியலூரையடுத்த வாரணவாசியில் அரசாங்கத்தார் ஒரு காட்சிசாலை அமைத்து, அகப்பட்டவற்றுள் சிலவற்றைக் கண்ணாடிப் பேழைகளில் வைத்துள்ளனர். எஞ்சியவை ஓடைகளில் கிடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட மறுநாள் காரைப் பக்கம் சென்றால், கழுவிய களிமண்ணின்மேல் பெலம்நைட்டுகள் புதிதாக வெளிப்பட்டு வெயிலில் பளபளக்கக் காணலாம்.